கடைசியாகச் சரிபார்த்தவர்

இன்று மதியம், பஸ் நேரம் மாறிய அறிவிப்பு ஒன்றைத் திருத்துவதற்காக நம் இணையதளத்தின் உள்பக்கத்தைத் திறந்தேன். விரல் தவறி வேறோர் அறிவிப்பின் மேல் பட்டு, அதன் மாற்ற வரலாறு விரிந்தது. அதில் உன் பெயர். 'நீட்டித்தவர்' என்ற கட்டத்துக்கு எதிரே, நீ போய் வெகுநாள் கழித்து வந்த ஒரு தேதியோடு. அந்த வரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் இருந்தவரை மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் நான். ஆனாலும் கையிலிருந்த டீ மேசையில் சிந்தியது. துடைத்துவிட்டு, செய்ய வந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்கு இதை யாரும் சொல்லவில்லை. தளத்தோடு இணைப்பதற்காக நீ எழுதிய நீட்சி நிரல் செய்த காரியம் இது. உனக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று படுகிறது.

ஆலங்காயத்தில் உரக்கடைக்கு மேலே இரண்டு அறையில் இந்த அலுவலகம் தொடங்கியபோது நாம் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் சந்தவாசலிலிருந்து வந்தவள். நீ மேலே மலையிலிருந்து இறங்கி வந்தவள். மலைக் கிராமங்களுக்கு வேண்டிய செய்திகளை ஓரிடத்தில் போடுவதுதான் நமக்குக் கொடுத்த வேலை. மருத்துவ வண்டி எந்த ஊருக்கு எந்தக் கிழமை வரும், எந்தப் பாதையில் மரம் விழுந்திருக்கிறது, புளி எடுக்கிற வியாபாரி எப்போது வருகிறார், ரேஷன் எந்த நாளில் போடுகிறார்கள் என்பதெல்லாம். பேப்பர் போகாத ஊர்களுக்கெல்லாம் போன் போய்விட்டது. ஆகவே போனில் படிக்கிற மாதிரி ஒரு தளம் வேண்டும்.

உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், தன் தேவைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டிருந்த ஒரு மென்பொருளை நீதான் தேடிப் பிடித்தாய். "நம்ம ஊர் ஏரி மாதிரிடி. யாரு வேணா தண்ணி எடுக்கலாம். ஆனா தூர் வாரவும் வரணும்" என்றாய். எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. நான் எழுதுவேன், நீ உள்ளே இயந்திரத்தைப் பார்ப்பாய். அப்படித்தான் நாம் பிரித்துக்கொண்டோம்.

முதல் வருடமே அந்தக் கண் முகாம் விஷயம் நடந்தது. முகாம் முடிந்து மாதங்கள் ஆகியும் அறிவிப்பு அப்படியே முகப்பில் நின்றிருக்கிறது. அதை நம்பி இரண்டு குடும்பங்கள் கண் தெரியாத பெரியவர்களைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு காட்டு வழியாக இறங்கி வந்து, பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அதில் ஒருவர் உன் ஊர்க்காரர். அன்று சாயங்காலம் படியிறங்கும்போதுதான் சொன்னாய்: "போடுறது சுலபம் மஞ்சு. எடுக்குறதுதான் யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல."

அடுத்த வாரமே உட்கார்ந்துவிட்டாய். அந்த மென்பொருளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வெளியிடும் தேதி, முடியும் தேதி என்று இரண்டு கட்டங்கள் ஏற்கெனவே இருந்தன. முடியும் தேதியை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பாமல் விட்டால் அது காலத்துக்கும் நிற்கும். நீ அதோடு சேர்த்து மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு நீட்சி எழுதினாய். முடியும் தேதி இல்லாமல் எந்த அறிவிப்பும் வெளியாகாது. அந்தத் தேதி நெருங்கும்போது எழுதியவரின் போனுக்கு, அவர் பெயரையும் அந்த அறிவிப்பையும் போட்டு ஒரு குறுஞ்செய்தி போகும். 'இந்த அறிவிப்பு இன்னும் உண்மையா? ஆம் என்றால் 1 என்று பதில் அனுப்பவும்.' ஒன்று வந்தால் இன்னொரு மாதம் நீளும். பதில் வராவிட்டால் அறிவிப்பு தானாக இறங்கிவிடும்.

நமக்குள் அதில் பெரிய சண்டை. "பதில் இல்லேன்னா இருக்கட்டும்னு விடலாமே. போன்ல சார்ஜ் இல்லாம இருக்கும், சிக்னல் இருக்காது. நல்ல அறிவிப்பு வீணா போயிடும்" என்றேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "யாரும் பொறுப்பு எடுத்துக்காத சேதி நிக்கவே கூடாது. போனா போகட்டும். திரும்பப் போட்டுக்கலாம். பொய்ய நம்பி நடந்து வந்தவங்க காலைத் திருப்பிக் குடுக்க முடியுமா?"

இன்னொன்றும் நினைவிருக்கிறது. முதலில் நீ எழுதியதில் ஒரு கோளாறு. அறிவிப்பை நீட்டித்தால் வெளியீட்டுத் தேதியும் சேர்ந்து மாறிவிடும். பழைய சேதியெல்லாம் இன்றுதான் எழுதியதுபோல முகப்பின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைச் சரிசெய்ய நீ சாப்பாட்டை மறந்து கிடந்தாய். டிபன் பாக்ஸைத் திறந்து உன் முன்னால் வைத்தபோது திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்: "பொறந்த தேதிய யாரும் மாத்தக் கூடாது. முடியுற தேதியத்தான் தள்ளிப் போடலாம்." அதன் பிறகு ஒவ்வொரு அறிவிப்புக்கும் கீழே மூன்று வரிகள் வந்தன. எழுதியவர். முதலில் வெளியான நாள். கடைசியாகச் சரிபார்த்த நாள், சரிபார்த்தவர் பெயர். "பேரு இருந்தாத்தான் பயம் இருக்கும்" என்று சிரித்தாய்.

அந்த மூன்றாவது வரிதான் பிறகு என்னை அப்படி அடித்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வியாழக்கிழமை காலை உன்னிடமிருந்து செய்தி வந்தது. 'பஸ்ஸ விட்டுட்டேன்டி. வண்டியில வர்றேன்.' நான் 'மெதுவா வா' என்று போட்டேன். அதற்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. மலைப்பாதையில் சிக்னல் இருக்காது என்று நினைத்து, உனக்கும் சேர்த்து டீ சொன்னேன். டீ ஆறி ஆடை கட்டியது. அப்போது பால் வண்டி ஓட்டுகிறவர் மாடியேறி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. "உங்க கூட வேல செய்யுற பொண்ணு..." என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் சொல்லாமல் தலைத்துண்டை எடுத்துவிட்டார். நான் உன் நாற்காலியைப் பார்த்தேன். நாற்காலி முதுகில் உன் ஸ்வெட்டர் தொங்கியது. மலைக்காரிக்கு ஆலங்காயத்தில் எதற்கு ஸ்வெட்டர் என்று முந்தின நாள்தான் கிண்டல் செய்திருந்தேன்.

வளைவில் வண்டி வழுக்கியிருக்கிறது. யார் மேலும் தவறில்லை என்றார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து அலுவலகம் வந்தபோது, உன் கணக்கை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. உன் பெயரில் நிறைய அறிவிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றாக அந்தந்தத் தேதியில் கேள்வி போகும், பதில் வராது, தானே இறங்கிவிடும், பிறகு மூடிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். நீ செய்துவைத்த ஏற்பாட்டின் மேல் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நடுவில் ஒரு நாள் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது உன் பக்கம் வந்தது. 'மெதுவா வா' என்ற என் கடைசிச் செய்திக்கு இரண்டு டிக் விழுந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஏதோ சத்தம் போட்டுவிட்டேன். பிறகு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வீட்டில் யாராவது போனுக்குச் சார்ஜ் போட்டிருப்பார்கள், அதிலிருக்கும் போட்டோவைப் பார்ப்பதற்காக. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

மழை முடிகிற சமயத்தில் உன் ஊருக்குப் போகும் வழியில் தரைப்பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. செவ்வாய்தோறும் உங்கள் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துகொண்டிருந்த மருத்துவ வண்டி அதற்கு மேல் வர முடியாமல், கீழே மெயின் ரோட்டு ஊரிலேயே நிற்கத் தொடங்கியது. அந்த ஊரின் பெயரில் நான் புதிய அறிவிப்பு போட்டேன். பழையது உன் பெயரில் இருந்தது. அதுதான் எப்போதோ இறங்கியிருக்குமே.

ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, அலுவலக எண்ணுக்கு ஒரு போன். பேசியவர் உன் ஊருக்கும் உள்ளே இருக்கிற ஒரு குக்கிராமத்துக்காரர்.

"மலை அறிவிப்பு போடுறது நீங்கதானங்க? வண்டி எங்கங்க? காத்தாலேர்ந்து புள்ளய மடியில போட்டுனு இந்தப் பள்ளிக்கூடத்தாண்ட குந்தினு கீறோம். ஜுரம் நெருப்பா கொதிக்குது. இப்ப கையி காலு இழுக்குதுங்க."

"ஐயோ, வண்டி அங்க வர்றதில்லீங்களே. கீழ மெயின் ரோட்டுக்கு மாத்தியாச்சு. பழைய அறிவிப்ப எடுத்தாச்சுங்க."

"எடுத்தாச்சா? இன்னாம்மா பேசுற நீ? எங் கண்ணு முன்னாடி கீது. படிக்கட்டா?" அவர் குரல் உடைந்துபோய் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல வாசித்தார். "கடைசியாகச் சரிபார்த்தது, நேற்று. சரிபார்த்தவர்..."

உன் பெயரை வாசித்தார்.

அவர் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது எங்கோ கிணற்றுக்குள் இருந்து கேட்டது. உன் பெயரை உனக்குப் பின்னால் யாரும் என்னிடம் அப்படிச் சாதாரணமாக, உயிரோடு இருக்கிற ஒருத்தியின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னதில்லை. அவருக்கு நீ இறந்தது தெரியாது. நீ நேற்று சரிபார்த்திருக்கிறாய் என்று நம்பித்தான் அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்.

குழந்தை முதலில் என்று எப்படியோ புத்தி வந்தது. ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கச் சொன்னேன். ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொன்னேன். 108-க்குப் பேசினேன். வண்டி உடைந்த பாலம்வரைதான் வரும் என்றார்கள். உங்கள் ஊரிலிருந்து ஜீப் ஓட்டுகிற மணியைப் பிடித்தேன். அவர் பாலம்வரை கொண்டுவர, நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கி இந்தப் பக்கம் கடத்தினார்களாம். குழந்தை பிழைத்துவிட்டது. அந்த வார்த்தை வரும்வரை நான் போனை விட்டு நகரவில்லை. வந்த பிறகுதான் கணினியைத் திறந்தேன். எனக்கு அதைத் திறக்கப் பயமாக இருந்தது.

உன் ஊருக்கான பக்கத்தில் அறிவிப்பு அப்படியே இருந்தது. வரலாற்றைத் திறந்தேன். நீட்டிப்பு, நீட்டிப்பு, நீட்டிப்பு. எல்லாம் நீ இறந்த பிறகு. எல்லாவற்றுக்கும் எதிரே உன் பெயர். அது ஒன்று மட்டுமல்ல. உன் பெயரில் இருந்த ஓர் அறிவிப்புகூட இறங்கவில்லை. நாங்கள் யாரும் பார்க்காமல், நீ எல்லாவற்றையும் ஒழுங்காகச் சரிபார்த்துக்கொண்டே வந்திருக்கிறாய்.

நம் மேலாளர் சார் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ உள்ள பூந்துட்டாங்கம்மா. பாஸ்வேர்ட மாத்து" என்றார். எனக்கும் அப்படி இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது. ஆனால் நீதான் பதில் வந்த எண்ணையும் குறித்துவைக்கிற மாதிரி எழுதியிருக்கிறாயே. குறித்திருந்தது. உன் எண். ஒவ்வொரு முறையும் உன் எண்ணிலிருந்து ஒன்று என்று வந்திருக்கிறது. அந்த எண்ணைக் கூப்பிட்டேன். யாராவது எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியாமல்தான் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

மருத்துவ வண்டி அறிவிப்பை என் கையாலேயே இறக்கிவிட்டு, மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறினேன். நீ விழுந்த வளைவு வரும்போது கண்ணை மூடிக்கொள்வதாக இருந்தேன். மூடவில்லை. புதிதாக வெள்ளையடித்த ஒரு கல் நின்றது. பஸ் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பியது. அவ்வளவுதான்.

பாலம் இருந்த இடத்தில் தண்ணீரில் இறங்கிக் கடந்து, நடந்து உன் வீட்டுக்குப் போனபோது உன் அம்மா சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். நானும். கொஞ்சம் அடங்கியதும் உன் போனைப் பற்றிக் கேட்டேன்.

"அவருகிட்ட கீது. பாறைக்குப் போயிருக்காரு. தெனம் ஆட்ட ஓட்டினு போவாரு. வூட்டாண்ட சிக்னலு இல்ல, அந்தப் பாறை மேல நல்லா கெடைக்குது. பக்கத்து வூட்டு சோலார்ல சார்ஜு போட்டு, சட்டப் பையில வெச்சினு போவாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "யார்கிட்ட இன்னா பேசுறாருன்னு தெர்ல பாப்பா. கேட்டா சொல்றதில்ல" என்றாள்.

ஆட்டுத் தடம் பார்த்துப் பாறைக்கு ஏறினேன்.

உன் அப்பா உச்சியில் உட்கார்ந்திருந்தார். ஆடுகள் சரிவில் சிதறி மேய்ந்துகொண்டிருந்தன. போனை முழங்கால்மேல் வைத்து, அடுப்பில் பால் பொங்குவதைப் பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருந்தது.

"வாம்மா. இன்னா இவ்ளோ தூரம்?"

"அப்பா, இந்தப் போனுக்கு மெசேஜு வந்தா நீங்க எதனா பதில் அனுப்புறீங்களா?"

அவர் ஒளிக்கவே இல்லை. "ஆமாம்மா. ஒண்ணு போடுறேன்."

"எதுக்குப்பா?"

"பாப்பாதான் சொல்லிக்குடுத்துச்சு. லீவு நாள்ல அது கழனியில இருக்கும், நான் ஆட்ட ஓட்டினு இங்க வருவேன். வூட்ல சிக்னலு இல்லியே. போன எங்கிட்ட குடுத்து அனுப்பும். 'மெசேஜு வந்தா தொறந்து ஒண்ணு போட்டு இந்த அம்புக்குறிய அழுத்துப்பா. ஒண்ணு போட்டா இருக்கும். போடலேன்னா போயிடும்'னு சொல்லும்." கண்ணைத் துடைக்காமல் என்னைப் பார்த்தார். "அது போன பெறவும் மெசேஜு வந்துச்சு. போடலேன்னா போயிடும்னு சொல்லியிருக்குதே. போவ வுட்டுடுவனா நானு?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திருடன் என்றோ, விளையாட்டு என்றோ, இயந்திரக் கோளாறு என்றோ ஏதாவது இருக்கும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். இது எனக்குத் தோன்றவேயில்லை.

"அந்த மெசேஜுல இன்னா எழுதியிருக்குதுன்னு தெரியுமாப்பா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதே. பாப்பா பேரு மட்டும் எப்டி இருக்கும்னு தெரியும். அது அதுல இருக்கும். அதான் போடுவேன்."

குழந்தையைப் பற்றிச் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். நீ இருந்திருந்தால் சொல்லியிருப்பாய். சொன்னேன். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தருகே யாரோ உட்கார்ந்திருப்பதை அவரே ஆடு ஓட்டிக்கொண்டு வரும்போது பார்த்திருக்கிறார். யாருக்கோ காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கடந்து வந்திருக்கிறார்.

"புள்ளைக்கு... புள்ளைக்கு இன்னா ஆச்சு?"

"பொழச்சிடுச்சுப்பா. நல்லா இருக்குது."

"நாந்தான் உக்கார வெச்சேனா? எம் பொண்ணு பேர வெச்சு நானே..." கையிலிருந்த போனைப் பாறைமேல் வைத்துவிட்டு, சூடு பட்டவர்போலக் கையை இழுத்துக்கொண்டார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, "கேக்கும்மா அது. ஒண்ணு போடச் சொல்றதுக்கு முன்னாடி கேக்கும். 'நேத்து வண்டி வந்துச்சாப்பா, டாக்டரு இருந்தாரா'ன்னு. நான் ஊரு சமாசாரம் கேக்குதுன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார்.



அப்போதுதான் போன் ஒலித்தது. செய்தி வருகிற ஒலி. இருவருமே பதறிவிட்டோம். அவர் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். உன்னுடைய நீட்சிதான். நீ எழுதிவைத்த அதே வாசகம்.

"படிம்மா. இன்னா கேக்குதுன்னு படி" என்றார்.

ஒவ்வோர் ஊருக்கும் அவசரத்துக்குக் கூப்பிட ஓர் ஆளின் பெயரைப் போட்டு வைத்திருந்தாயே, அந்த அறிவிப்பு அது. வாய்விட்டு வாசித்தேன். உங்கள் ஊரின் பெயர். 'இந்த ஊரில் உதவிக்கு அழைக்க வேண்டியவர்' என்று போட்டு, உன் பெயர். பிறகு அந்தக் கேள்வி.

"இந்த அறிவிப்பு இன்னும் உண்மையா?"

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் இன்னும் ஏதாவது வாசிப்பேன் என்பதுபோல.

"இத்தினி நாளா இத்தையா கேட்டுனு இருந்துச்சு?"

"ஆமாப்பா."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். "இல்லம்மா" என்றார். "உண்மை இல்ல. அது இல்லியே."

உன் காரியத்தன்றுகூட அவர் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் அழுதபோது அவர் பந்தல் கட்டுகிறவர்களுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வெளியே வந்ததை அந்தப் பாறைமேல் நான் ஒருத்திதான் கேட்டேன்.

"இப்ப இன்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம்பா. போடாம விட்டா போதும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

போடாமல் விடுவது சுலபம் என்று நினைக்காதே. வெயில் ஏறுகிறவரை அந்தப் போன் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அவர் கை இரண்டு மூன்று முறை அதன் பக்கம் போய்த் திரும்பியது. ஓர் ஆடு வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அன்று கேள்வி வந்த உன் மற்ற அறிவிப்புகளையும் ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்துக் காட்டினேன். புளி வியாபாரி? போன வருடத்தோடு வருவதை நிறுத்திவிட்டார், வேண்டாம். ஊற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்றது? "அது எப்பவும் நெசந்தான்" என்றார். பாம்பு கடித்தால் மந்திரிக்க ஓடாமல் மருந்து இருக்கிற கீழ் ஆஸ்பத்திரிக்கு நேராக வரச் சொன்னது? அதையும் இருக்கட்டும் என்றார். அன்று அவர் ஒன்று போட்ட இரண்டும், அது என்ன கேள்வி என்று தெரிந்து போட்டது.

நான் கீழே இறங்கிய பிறகு நடந்ததை உன் அம்மா போனில் சொன்னாள். குழந்தை வீடு திரும்பிச் சில நாளில் அவர் ஒரு மூட்டைச் சாமையைத் தோளில் போட்டுக்கொண்டு, யார் தடுத்தும் கேட்காமல், அந்தக் குக்கிராமத்துக்கு நடந்து போயிருக்கிறார். அந்த வீட்டு வாசலில் நின்று, "வண்டி வரும்னு போட்டது எம் பொண்ணு இல்ல. அது செத்துப்போச்சு. நாந்தான் போட்டேன்" என்றிருக்கிறார். அந்த ஆளுக்கு ஒன்றுமே புரியவில்லையாம். சரிபார்த்தவர் இறந்தவர் என்று கேட்டதும் திகைத்துப்போய்த் தூணைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு உள்ளே போய், தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிவந்து உன் அப்பாவின் கையில் கொடுத்தாராம். திட்டவில்லை. தேற்றவும் இல்லை. "எடை பாருங்க, ஏறியிருக்குது" என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கு இதில் இன்னும் அடங்காத ஒன்று இருக்கிறது. நீ எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாய். சார்ஜ் இல்லாத போனை யோசித்தாய், சிக்னல் இல்லாத ஊரை யோசித்தாய், மறதியை யோசித்தாய், சோம்பலை யோசித்தாய். பதில் வராமல் போவதற்கு எத்தனை காரணம் உண்டோ அத்தனைக்கும் வழி செய்தாய். பாசத்தினால் ஒரு பதில் வந்துகொண்டே இருக்கும் என்று மட்டும் நீ நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. யார்தான் நினைப்பார்கள்?

உன் நீட்சியை நான் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன். உன் அளவுக்கு எனக்கு வராது. திட்டாதே. இப்போது கேள்வி எழுதியவருக்கு மட்டும் போவதில்லை, அந்த ஊரில் இருக்கிற இன்னொருவருக்கும் போகிறது. இரண்டு பேரும் ஆம் என்றால்தான் நீளும். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேள்வியைக் குரலாகவே கூப்பிட்டுக் கேட்கிற மாதிரி செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த வாசகத்தை மட்டும் தொடவில்லை.

போன வாரம் உன் கணக்கை மூட உட்கார்ந்தேன். மூடு என்று அழுத்தியதும் ஒரு பெட்டி வந்தது. இந்தப் பயனர் எழுதியவற்றை என்ன செய்ய? அழித்துவிடவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா? இரண்டே வழிதான் கொடுத்திருந்தார்கள். இரண்டும் வேண்டாம் என்று வெளியே வந்தேன். உள்ளே நுழைகிற உரிமையை மட்டும் எடுத்துவிட்டு, எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயரை அப்படியே விட்டேன். அதை நீதான் எழுதினாய். அது மாறாது. சரிபார்ப்பவர் என்ற இடத்தில் உன் எண்ணை எடுத்துவிட்டு என் எண்ணைப் போட்டேன்.

இனி உனக்கு வரவேண்டிய கேள்விகள் எனக்குத்தான் வரும். பாம்புக்கடி மருந்து பற்றியது அடுத்த வாரம் வருகிறது. இந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி பதில் போட மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்து இருக்கிறதா என்று அலமாரியைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.